கூலி பெற்றால் சேவை ஆகாதா?

வீரகேரளம்புதூர் வட்டாரத்தில் ஓர் அன்பர் வீட்டுக்குச் சென்றிருந்தேன். அவர் மகள் சமூகவியல் பயின்று, பின்னர் சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் பெற்று அத்துறையிலேயே வேலை பார்க்க விரும்புகிறாள். "சேவை செய்வதற்குப் படிப்பு எதற்கு? அதற்குச் சம்பளமும் வாங்குவதா?" என்று வாப்பா கேட்டார். உம்மா தட்டிலிருந்து தலை நிமிரவில்லை. மாலைக்குள் பீடிக் கட்டுகளைக் கடையில் ஒப்படைத்தாக வேண்டும்.

இக்கேள்விகள் நம்மில் பலருடையவை. எனவே பொதுவிலேயே மறுக்கிறேன்.

சம்பளத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். ஜக்காத் பெற உரியோரைத் திருமறையின் ஒன்பதாம் அத்தியாயம், 60ஆம் வசனம் எட்டு வகையினராகக் கூறுகிறது. ஏழை எளியோரை அடுத்து மூன்றாவதாக வருபவர் யார்? அந்நிதிக்காக உழைக்கும் பணியாளர்! அவருக்குரிய ஊதியத்தை இறைவனே ஒதுக்கியிருக்க, நாம் முகஞ்சுளிப்பது எந்த நியாயம்?

இனிப் படிப்பு. ரமளான் தோறும் பீடி சுற்றும் பெண்களுக்கு அரிசியும் சேலையும் வழங்குகிறோம். மறுஆண்டும் அதே பெண்கள் அதே வரிசையில் நிற்கிறார்கள். ஏன் என்று கேட்டோமா? கடையில் தரும் இலை போதாதபோது கைக்காசில் இலை வாங்குகிறவள் உண்டு. சுற்றியதில் கழிவென்று ஒதுக்கப்பட்டதற்குக் கூலி இழப்பவள் உண்டு. உழைப்பவள் ஒருத்தி, பதிவேட்டில் இருக்கும் பெயர் வேறொருத்தியுடையது என்றால், முதுமையில் வைப்புநிதி யாருக்குப் போகும்? வீட்டிலிருந்து சுற்றுபவளையும் தொழிலாளியாக ஏற்ற சட்டம் 1966இலேயே வந்துவிட்டது. நலநிதிச் சட்டம் 1976இல் வந்தது. வீடு வீடாகச் சென்று, பக்கத்தில் அமர்ந்து, கேட்டு, குறித்து, கணக்கிட்டு, சட்டத்தோடு ஒப்பிட்டு, உரிய அலுவலகத்தில் மனுவாகச் சேர்ப்பதற்குப் பயிற்சி வேண்டும். பயன்முறைச் சமூகவியல் என்பது இதுதான். நல்ல மனம் மட்டும் இருந்தால் சேலைதான் கொடுக்க முடியும்.

இப்னு கல்தூன் 1377இல் தம் முகத்திமாவை எழுதியபோது மனிதக் கூட்டு வாழ்வை ஆராய்வதைத் தனியொரு கலையாகவே கண்டார். மேடைதோறும் அவர் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். அவர் கலையைப் பயில நம் பிள்ளைக்கு அனுமதியில்லை!

இந்நாட்டில் இக்கல்வி புதிதும் அன்று. பம்பாயில் டாட்டா அறநிலையம் 1936இல் இதற்கெனப் பள்ளி தொடங்கியது. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் 1952இல் சமூகப்பணிப் பள்ளியை நிறுவினார். அங்கெல்லாம் வகுப்பறையோடு களப்பணியும் பாடமே. இன்று குழந்தைகளின் அபயக்குரலுக்குச் செவிசாய்க்கும் 1098 என்ற தொலைபேசி எண், 1996இல் அந்தப் பம்பாய் நிறுவனத்தின் களத்திட்டமாகப் பிறந்தது. ஒரு வகுப்பறையிலிருந்து நாடெங்கும் பரவிய வேலை அது. தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. குழந்தைப் பாதுகாப்புக்கும் மகளிர் நலனுக்கும் இத்தகைய படிப்பாளிகள் இங்கேயே தேவை.

ஊதியம் சொற்பம், பல பணியிடங்கள் ஒப்பந்த அடிப்படையிலானவை என்பார்கள். உண்மைதான், அதை மறைத்துப் பிள்ளைகளை அழைப்பது மோசடி. ஆனால் வளைகுடாவுக்குப் போகும் மகனின் வேலையும் ஒப்பந்தம்தானே? அதற்குக் கடன் வாங்கி விருந்து வைக்கிறோமே!

அன்று இவ்வளவையும் நான் பேசி முடித்தபின், அந்தப் பெண் ஒன்றே ஒன்று கேட்டாள்: "வாப்பா, உம்மாவின் பாஸ்புத்தகம் யார் பெயரில் இருக்கிறது?"

அவருக்குத் தெரியவில்லை. உம்மாவின் கை மட்டும் ஒரு கணம் நின்றது.