ஒரே தராசில் இரண்டு எடைக்கல்லா? நீதிபதி நியமனத்தில் ஓரவஞ்சனையைக் கண்டிப்போம்!

அன்பார்ந்த விவசாயப் பெருமக்களே! விவசாயத் தொழிலாளத் தோழர்களே! தாய்மார்களே!

பாகூரிலிருந்தும் வில்லியனூரிலிருந்தும் மண்ணாடிப்பட்டிலிருந்தும் நெல்லையும் மணிலாவையும் ஏற்றிக்கொண்டு தட்டாஞ்சாவடி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு வருகிறோம். அங்கே ஒருத்தன் மூட்டைக்கு ஒரு எடைக்கல்லும், இன்னொருத்தன் மூட்டைக்கு வேறொரு எடைக்கல்லும் போட்டால் சும்மா இருப்போமா? இருக்கமாட்டோம். அதே அநியாயம்தான் உயர்நீதிமன்ற நீதிபதி நியமனத்தில் நடந்தது.

"நீதிபதி யாரா இருந்தா நமக்கென்னா? நமக்கு ஏர் பிடிக்கத்தானே தெரியும்?" என்று சிலர் கேட்கலாம். புதுச்சேரிக்குத் தனி உயர்நீதிமன்றம் கிடையாது. நம்ம வழக்கு மேலே போனால் சென்னை உயர்நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். சேலம் எட்டுவழிச் சாலைக்கு நிலம் எடுக்கப் போட்ட அறிவிக்கையை 2019 ஏப்ரல் 8ல் ரத்து செய்தது அந்த நீதிமன்றம். ஐந்து ஏக்கர் கணக்குப் பார்க்காமல் எல்லா விவசாயிக்கும் கூட்டுறவுக் கடனைத் தள்ளுபடி செய்யச் சொல்லி 2017 ஏப்ரல் 4ல் உத்தரவு போட்டது அதன் மதுரைக் கிளை. இரண்டும் பின்னால் உச்சநீதிமன்றத்தில் நிற்கவில்லை என்பது வேறு விஷயம். நம்ம நிலமும் கடனும் அந்த நாற்காலியில் உட்காருபவர் கையில் இருக்கிறது என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

இப்போது நடந்ததைக் கேளுங்கள்.

ஆர்.ஜான் சத்யன் என்ற வழக்கறிஞரை சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக்கச் சொல்லி உச்சநீதிமன்றக் கொலீஜியம் 2022 பிப்ரவரி 16ல் பரிந்துரை செய்தது. மூத்த நீதிபதிகள் கூடி நீதிபதிகளைத் தேர்வு செய்யும் குழுவுக்குத்தான் கொலீஜியம் என்று பெயர். அவர் நல்ல பெயர் உள்ளவர், நேர்மையில் குறையில்லை, எந்தக் கட்சியையும் சேராதவர் என்று மத்திய உளவுத்துறையே அறிக்கை கொடுத்தது. அப்புறம் என்ன தடை? பிரதமரை விமர்சித்து வந்த ஒரு கட்டுரையை இணையத்தில் பகிர்ந்தாராம். அரியலூர் மாவட்டம் குழுமூரில் மூட்டை தூக்கும் தொழிலாளி மகள் அனிதா, 1200க்கு 1176 மதிப்பெண் எடுத்தும் நீட் தேர்வால் மருத்துவப் படிப்பு கிடைக்காமல் 2017ல் உயிரை விட்டாரே, அதை அரசியல் துரோகம் என்று எழுதினாராம். இதுதான் குற்றம்!

இந்தப் பதிவுகளால் அவருடைய தகுதிக்கோ நேர்மைக்கோ பங்கமில்லை என்று சொல்லி, 2023 ஜனவரி 17ல் கொலீஜியம் அதே பெயரை மறுபடியும் அனுப்பியது. அப்படி இரண்டாம் முறை வந்த பெயரை மூன்று, நான்கு வாரத்துக்குள் நியமிக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2021லேயே சொல்லியிருக்கிறது. மத்திய அரசு கேட்டதா? கோப்பு கிடப்பில் கிடந்தது. இப்படிப் பெயரை நிறுத்திவைத்தால் பணிமூப்பு கெட்டுப்போகும், இது மிகவும் கவலைக்குரியது என்று 2023 மார்ச் 21ல் கொலீஜியம் எழுத்திலேயே வருத்தப்பட்டது.

அதே 2023 ஜனவரி 17ல் பரிந்துரைக்கப்பட்ட இன்னொருவர் எல்.விக்டோரியா கௌரி. பாஜக மகளிர் அணியில் பொறுப்பில் இருந்தவர். கிறித்தவ, முஸ்லிம் மக்களைப் பற்றி அவர் பேட்டியிலும் கட்டுரையிலும் சொன்னவை வெறுப்புப் பேச்சு என்று சென்னை வழக்கறிஞர்கள் குடியரசுத் தலைவருக்கும் கொலீஜியத்துக்கும் கடிதம் எழுதினார்கள். அவருக்கு பிப்ரவரி 6ல் நியமன அறிவிப்பு வந்துவிட்டது. இருபதே நாள்! மறுநாள் காலையில் உச்சநீதிமன்றத்தில் வழக்கு நடக்கிறது, இங்கே சென்னையில் பதவியேற்பும் நடக்கிறது. தகுதி உண்டா என்று பார்க்கலாம், பொருத்தமானவரா என்பதில் நாங்கள் தலையிட முடியாது என்று சொல்லி மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

கட்சியில் இருந்ததை நாங்கள் குற்றம் சொல்லவில்லை. 1957ல் கேரளத்தில் அமைச்சராக இருந்த வி.ஆர்.கிருஷ்ணய்யர் பிற்பாடு உச்சநீதிமன்ற நீதிபதியாகி ஏழைகளுக்கு நியாயம் சொல்லவில்லையா? விக்டோரியா கௌரி வழங்கிய தீர்ப்புகளைப் பற்றியும் இங்கே பேசவில்லை. எங்கள் கேள்வி எடைக்கல்லைப் பற்றியது. ஆளுபவரை விமர்சித்த பழைய பதிவு கல்லாய் கனக்கிறது. ஒரு சமுதாயத்தையே பழித்ததாகப் புகார் வந்த பழைய பேச்சு பஞ்சாய்ப் பறக்கிறதே, எப்படி? சரியாகப் பார்த்தால் தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்! ஆளுபவருக்கு வக்கீல் படையே உண்டு. படியேறி வரும் ஏழைக்கு நீதிபதியின் நடுநிலையை விட்டால் வேறு என்ன உண்டு?

"நீதிபதி ஆகப்போறவர் வாயை அடக்கிக்கிட்டு இருக்கணும்" என்பார்கள். சரி, அடக்கட்டும். அது எல்லாருக்கும் பொருந்தட்டும்!

தோழர்களே! நாம் மறியல் செய்து கைதானால் காசு வாங்காமல் ஜாமீன் எடுக்க வருபவர்கள் யார்? ஏழைக்காக வாய் திறக்கும் வக்கீல்கள்தான். கூலித் தொழிலாளி மகளுக்காக ஒரு வரி எழுதினால் நீதிபதி ஆக முடியாது என்று இருந்தால், நாளைக்கு எந்த இளம் வக்கீல் நமக்காகப் பேசுவான்? கடன் வாங்கிச் சட்டம் படிக்க வைக்கிற நம்ம பிள்ளையும் வாயைப் பொத்திக்கொண்டுதானே இருக்கும்! இந்த அடி நம்ம தலையிலும் விழுகிற அடி.

நமது கோரிக்கைகள்:

1. பழைய பேச்சு, பதிவு எதுவானாலும் எல்லாருக்கும் ஒரே அளவுகோல் வேண்டும். அந்த அளவுகோலை எழுதி வெளியிட வேண்டும்.

2. கொலீஜியம் இரண்டாம் முறை அனுப்பும் பெயரை நான்கு வாரத்துக்குள் அரசு அறிவிக்க வேண்டும்.

3. ஒருவர் மேல் புகார் வந்தால் பதவியேற்புக்கு முன்பே விசாரித்து, முடிவையும் காரணத்தையும் மக்களுக்குச் சொல்ல வேண்டும்.

ஊர்தோறும் கூட்டம் போட்டு இதைப் பேசுங்கள். குடியரசுத் தலைவருக்கு அனுப்பும் மனுவில் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கித் தாருங்கள்!

ஆளுக்கொரு எடைக்கல் ஒழிக!
ஏழைக்காகப் பேசும் உரிமை வெல்க!
உழவர் ஒற்றுமை ஓங்குக!

இவண்,
விவசாயிகள் சங்கம்,
தட்டாஞ்சாவடி, புதுச்சேரி.