‘அடிவயிறு கனக்குது’ என்றால் இரண்டு பனடோல் போதாது

“அடிவயிறு கனக்குது.” “கீழ என்னமோ எறங்குற மாதிரி இருக்கு.” “இடுப்புக்குக் கீழ பாரமா இழுக்குது.”

நமது தோட்டங்களில் பெண்கள் இந்த வருத்தத்தை இப்படித்தான் சொல்கிறார்கள். சங்கக் கூட்டம் முடிந்து, ஆண்கள் எழுந்து போன பிறகே இந்தப் பேச்சு வரும். டிஸ்பென்சரியில் சொன்னால் இரண்டு பனடோல் கிடைக்கும். லயத்தில் சொன்னால், “எல்.ஆர்.டி. செஞ்ச ஒடம்பு, அப்பிடித்தான்” என்பார்கள். மலையில் சொன்னால் பதிலே கிடையாது. அடுத்த நாள் காலையில் அதே பெண் பிரட்டுக்களத்தில் நிற்பாள்.

அடிவயிற்றுப் பாரம் என்பது ஒரு நோயின் பெயர் அல்ல. அது ஓர் அறிகுறி. அதற்குப் பின்னால் பல காரணங்கள் இருக்கலாம். ஒரு காரணத்துக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றுக்கு உதவாது. ஆகவே, எந்தக் காரணம் என்று கண்டறியும் பரிசோதனை ஒவ்வொரு தொழிலாளப் பெண்ணுக்கும் பேர் இழக்காமல் கிடைக்க வேண்டும். சம்பளக் கோரிக்கையோடு சேர்த்து இதையும் சங்கம் கேட்க வேண்டும் என்பதே நமது கருத்து.

முதலில் காரணங்களைத் தெரிந்துகொள்வோம்.

முதலாவது, கருப்பை இறக்கம். கருப்பை, சிறுநீர்ப்பை, குடல் ஆகியவற்றைக் கீழிருந்து தாங்கும் தசைகளும் நார்களும் தளர்ந்துபோவதால் வருவது இது. காலையில் சுகமாக இருக்கும், கூடையைச் சுமந்து நின்ற பிறகு, பின்னேரத்தில் கனக்கும், படுத்தால் குறையும். குந்தும்போது பிறப்பு வாசலில் உருண்டையாக ஏதோ தட்டுப்படலாம். இருமினால், தும்மினால் சிறுநீர் கசியலாம். பல பிரசவங்கள், பாரம் தூக்குவது, நாள்பட்ட இருமல், மலச்சிக்கல் எல்லாம் இதைக் கூட்டும். விறகடுப்புப் புகையில் வருடக்கணக்காக இருமும் பெண்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது, கருப்பையில் வளரும் நார்க்கட்டி. முப்பது, நாற்பது வயதுகளில் இது அதிகம் காணப்படுகிறது. பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. ஆனால் மாதவிடாய் அளவுக்கு மீறிப் போகும், கட்டி கட்டியாக விழும், அடிக்கடி சிறுநீர் வரும். இரத்தம் குறைந்து, மலை ஏறும்போது மூச்சு வாங்கும். இதை ஸ்கேன் காட்டிக் கொடுக்கும்.

மூன்றாவது, கருப்பையின் உட்புறத் திசு போன்ற ஒன்று கருப்பைக்கு வெளியிலோ, அதன் தசைச் சுவருக்குள்ளோ வளர்வது. மாதவிடாய்க்கு முன்பே பாரமும் வலியும் தொடங்கும். கணவனோடு சேரும்போதும் வலிக்கலாம். இளம் பெண்களுக்கும் வரும். “கல்யாணம் ஆனா சரியாயிரும்” என்று சொல்லித் தள்ளிப்போடும் வலிகளில் இதுவும் ஒன்றாக இருக்கலாம்.

நான்காவது, கிருமித் தொற்று. மணத்தோடு அல்லது நிறம் மாறி வெள்ளைபடுதல், காய்ச்சல், அடிவயிற்று வலி இருந்தால் இதைச் சந்தேகிக்க வேண்டும். உரிய மருந்தை முழுவதும் எடுத்தால் குணமாகும். சில தொற்றுகளுக்குக் கணவனுக்கும் சேர்த்து மருந்து தேவை. விட்டுவிட்டால் கருக்குழாய்கள் பழுதாகலாம்.

ஐந்தாவது, இரத்தக் குழாய்கள் வீங்குவது. காலில் நரம்பு முடிச்சிட்டுக் கொள்வதை நாம் பார்த்திருக்கிறோம். அதுபோல இடுப்புக்குள் இருக்கும் குழாய்களும் வீங்கலாம். பிள்ளை பெற்ற பெண்களுக்கு, நீண்ட நேரம் நின்ற பிறகும் மாதவிடாய்க்கு முன்பும் இந்தப் பாரம் கூடும்.

ஆறாவது, சிறுநீரும் மலமும். மலையில் மலசலகூடம் இல்லாததால் நமது பெண்கள் தண்ணீரைக் குறைத்துக் குடிக்கிறார்கள், சிறுநீரை அடக்குகிறார்கள். அதனால் சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும் வருகின்றன. இவையும் அடிவயிற்றைக் கனக்க வைக்கும்.

இவை தவிர, சூலகத்தில் கட்டி வரலாம். வயிறு தொடர்ந்து உப்பி, கொஞ்சம் சாப்பிட்டதுமே நிறைந்துவிட்டால், உடம்பும் மெலிந்தால், அதைத் தள்ளிப்போடக் கூடாது. மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் கண்டாலோ, கணவனோடு சேர்ந்த பிறகு இரத்தம் கண்டாலோ காலம் தாழ்த்தாமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். சிறுநீர் அடியோடு நின்றுவிட்டால், காய்ச்சலோடு கடும் வலி வந்தால், மாதவிடாய் தள்ளிப்போய்த் திடீரென வலித்து மயக்கம் வந்தால் அன்றே, அந்த நேரமே போக வேண்டும்.

இங்கே இரண்டு விஷயங்களை நேர்மையாகச் சொல்ல வேண்டும். எல்.ஆர்.டி. சத்திரசிகிச்சையில் கருக்குழாய்களை மட்டுமே கட்டுகிறார்கள். அதனால் கருப்பை கீழே இறங்காது. பழியை அதன்மேல் போட்டால் உண்மையான காரணத்தை யாரும் தேட மாட்டார்கள். அதேபோல, எல்லாவற்றுக்கும் கொழுந்துக் கூடையே காரணம் என்று சொல்வதும் சரியல்ல. கந்தோரில் கதிரையில் இருந்து வேலை செய்யும் பெண்ணுக்கும் நார்க்கட்டி வரும்.

ஆனால் கந்தோர்ப் பெண் ஒரு நாள் லீவு போட்டு வைத்தியரைப் பார்க்கிறாள், சம்பளம் குறைவதில்லை. நமது பெண் கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர் போகிறது, பஸ் காசு போகிறது. அங்கே சிங்களத்தில் கேட்கும் கேள்விக்கு “வயித்து வலி” என்று மட்டும் சொல்லி, மாத்திரையோடு திரும்புகிறாள். சீக்கிரம் கண்டால் பயிற்சியால் சமாளிக்கக் கூடிய இறக்கம் சத்திரசிகிச்சை வரை போவதற்கும், நார்க்கட்டிக்காரி இரத்தம் இல்லாமல் மலையில் சரிவதற்கும் இந்தத் தாமதம் வழிவிடுகிறது. நோய் யாருக்கும் வரலாம். தாமதத்தில் தோட்ட நிர்வாகத்துக்கும் நமது சங்கத்துக்கும் பொறுப்பு இருக்கிறது.

சங்கத்தையும் சேர்த்தே சொல்கிறோம். கொழுந்தெடுப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். சந்தாவும் அவர்கள் சம்பளத்திலிருந்து போகிறது. ஆனால் பேச்சுவார்த்தை மேசையில் இருப்பவர்களில் எத்தனை பேர் பெண்கள்? “இது பொம்பளைங்க விஷயம்” என்று ஒதுக்கியதால்தான் மலசலகூடக் கோரிக்கை எப்போதும் பட்டியலின் அடியில் கிடக்கிறது.

நம் கையில் இருக்கும் உரிமைகளையும் பயன்படுத்த வேண்டும். 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பிறகு, எத்தனையாவது பிள்ளையாக இருந்தாலும் பிரசவ விடுமுறை 84 நாட்கள். முன்பு மூன்றாவது பிள்ளையிலிருந்து 42 நாட்கள்தான் இருந்தது. பிரசவத்துக்கு முன் மூன்று மாதமும் பின் மூன்று மாதமும் தாய்க்கோ பிள்ளைக்கோ தீங்கு தரும் வேலையில் அவளை அமர்த்தக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. விடுமுறை முடிந்து வந்த தாயை நேரே செங்குத்து மலைக்கு அனுப்பினால், தலைவர்மார் துரையிடம் இந்தச் சட்டத்தைக் காட்டிப் பேச வேண்டும்.

1996 முதல் நாட்டில் சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது. 35, 45 வயதுப் பெண்களை முக்கியமாக அழைக்கிறார்கள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய், மார்பகம், பிரஷர், சீனி எல்லாம் பார்க்கிறார்கள். காசு இல்லை. உங்கள் பகுதி மருத்துவமாதுவிடம் நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள். பாரம் இருப்பதை அங்கே சொன்னால், தேவைப்பட்டால் பெண்நோயியல் வைத்தியரிடம் அனுப்புவார்கள்.

போவதற்கு முன் பிள்ளையின் கொப்பியில் ஒரு தாள் கிழித்து எழுதிக்கொள்ளுங்கள். எப்போது கனக்கிறது, படுத்தால் குறைகிறதா, மாதவிடாயோடு கூடுகிறதா, இரத்தம் எவ்வளவு போகிறது, சிறுநீர் கசிகிறதா, எத்தனை பிரசவம். எழுதத் தெரியாவிட்டால் நம்மைப் போன்ற ஆசிரியர்களிடம் சொல்லுங்கள், எழுதித் தருகிறோம்.

கருப்பை இறக்கம் என்று தெரிந்தால் உடனே கத்தி வைப்பார்கள் என்று பயப்படத் தேவையில்லை. சிறுநீரை அடக்குவதுபோலத் தசையை இறுக்கி, ஐந்து வினாடி வைத்து, தளர்த்தும் பயிற்சி இருக்கிறது. ஒரு தடவைக்குப் பத்து முறை, நாளுக்கு மூன்று தடவை, மூன்று மாதமாவது செய்ய வேண்டும். சிறுநீர் கழிக்கும்போது இதைச் செய்யக் கூடாது. வலி உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். உள்ளே வளையம் வைத்துத் தாங்க வைக்கும் முறையும் உண்டு. இவை போதாதபோதுதான் சத்திரசிகிச்சை.

நிர்வாகத்திடம் நாம் கேட்க வேண்டியவை நான்கு. கிளினிக் நாளுக்கு முழுப் பேர். ஒவ்வொரு கொழுந்து மடுவத்துக்கும் அருகில் தண்ணீரோடு பூட்டக்கூடிய மலசலகூடம். கொழுந்தை வெகுதூரம் சுமக்காமல் மலைக்குக் கிட்டவே நிறுப்பது. பிள்ளைக்காம்பராவில் மருத்துவமாது தமிழில் பேசிப் பெண்களின் கேள்விகளைக் கேட்கும் ஒரு நாள்.

அடுத்த மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இந்த நான்கையும் எடுத்துப் பேசித் தீர்மானமாக எழுத வேண்டும். ஆண்கள் எழுந்து போகாமல் இருந்து கேட்க வேண்டும். அம்மாவும் மனைவியும் அக்காவும் சுமக்கும் வேதனை இது.