ஐரோடோவை அப்புறம் திறக்கலாம்

பிளஸ் டூ முடிந்து கல்லூரி திறப்பதற்குள் இயற்பியலைத் தானாகப் படித்துவிட வேண்டும் என்று ஒரு பிள்ளை ஆசைப்பட்டால் போதும், கொல்கத்தாவில், எங்கள் பெஹாலா பகுதியில் உடனே ஒரு பட்டியல் கைக்கு வந்துவிடும்: ஃபெய்ன்மனின் உரைகள் மூன்று தொகுதி, ஐரோடோவின் கணக்குப் புத்தகம், ரெஸ்னிக்–ஹாலிடே பாடநூல். "பள்ளிக்கூடப் புத்தகத்தை மூட்டை கட்டு, பெரிய புத்தகத்தில் ஆரம்பி" என்ற அறிவுரையும் கூடவே வரும். எங்கள் மாடிவீட்டுப் பையன் அப்படித்தான் காலேஜ் ஸ்ட்ரீட் போய் ஒரு பை நிறைய வாங்கி வந்தான். ஒரு மாதத்தில் இருபது பக்கம் தாண்டவில்லை. தனக்கு இயற்பியல் வராது என்றே முடிவு கட்டிவிட்டான். பட்டியல் செய்த தவறுக்குப் பையன் தன்னை நொந்துகொண்டான். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

பெரிய விஞ்ஞானி எழுதியதுதான் சிறந்த தொடக்கநூல் என்கிறார்கள். ஃபெய்ன்மன் அந்த உரைகளை 1961 முதல் 1963 வரை அமெரிக்காவின் கால்டெக் கல்வி நிறுவனத்தில் முதல், இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு நிகழ்த்தினார். அங்கே கணக்குப் போட்டுப் பழகத் தனி வகுப்பு இருந்தது, ஆய்வுக்கூடம் இருந்தது. கணக்குகளை அணுகுவது எப்படி என்று அவர் நிகழ்த்திய உரைகள் அந்தத் தொகுதிகளில் சேரவே இல்லை. மாணவர்களைப் பொறுத்தவரை தன் முயற்சி அவ்வளவாக வெற்றி பெறவில்லை என்று முன்னுரையில் அவரே ஒப்புக்கொள்கிறார். நான் திரும்பத் திரும்பப் படிக்கும் நூல் அது. ஆனால் ஒரு தடவை இயற்பியல் படித்து முடித்தவருக்குத்தான் அதன் ருசி தெரியும். கால்டெக் அதை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. அவசரப்பட்டு வாங்க வேண்டியதில்லை.

கடினமான கணக்குதான் மூளையைத் தீட்டும் என்பது அடுத்த வாதம். ஐரோடோவில் ஏறக்குறைய 1,900 கணக்குகள். பாடம் என்று எதுவும் கிடையாது. ஒவ்வொரு பகுதியின் தலைப்பிலும் சில சூத்திரங்கள், கடைசியில் விடைகள், அவ்வளவுதான். எங்கே தவறினோம் என்று காட்டித்தர ஆசிரியர் இல்லாத பிள்ளைக்கு அது சுவரில் முட்டிக்கொள்வது போலத்தான்.

நுண்கணிதம் முழுவதும் படித்த பிறகே இயற்பியலைத் தொட வேண்டும் என்பதும் சரியல்ல. எச்.சி. வர்மாவின் இயற்பியல் பாடநூலில் இரண்டாம் அத்தியாயமே வெக்டாரும் நுண்கணிதமும்தான். வேண்டிய அளவை அங்கேயே கற்றுக்கொண்டு மேலே போகலாம்.

பள்ளிப் பாடநூல் மனப்பாடத்துக்குத்தான் என்பவர்களுக்குப் பதிலாக நடந்ததைச் சொல்கிறேன். அந்தப் பையனை பெஹாலா சௌரஸ்தாவில் மெட்ரோ ஏற்றினேன். 20 சென்டிமீட்டர் நூலில் வீட்டுச் சாவியைக் கட்டிக் கையில் கொடுத்தேன். வண்டி கிளம்பியதும் சாவி இரண்டு சென்டிமீட்டர் போலப் பின்னால் சாய்ந்தது. வேகம் சீரானதும் நேராகத் தொங்கியது.

"வண்டி இவ்வளவு வேகமாப் போகுது, சாவி ஏன் மாமா நேரா நிக்குது?"

அந்தக் கேள்வியோடு வீட்டுக்கு வந்தவன் பதினொன்றாம் வகுப்பு என்சிஇஆர்டி புத்தகத்தில் இயக்க விதிகள் பாடத்தைத் திறந்தான். இரண்டை இருபதால் வகுத்து 9.8-ஆல் பெருக்கினால், வண்டியின் முடுக்கம் ஏறக்குறைய வினாடிக்கு வினாடி 1 மீட்டர் என்று அவனே கண்டுபிடித்தான். முன்பு அதே பக்கத்தை அவன் மனப்பாடம் செய்துதான் தேர்வு எழுதியிருந்தான்.

இப்படிச் செய்து பார்த்துக் கற்பது புதிதல்ல. இதே ஊரில், பகலெல்லாம் அரசுக் கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே, காலையிலும் மாலையிலும் பௌபஜார் தெரு ஆய்வுக்கூடத்தில் கருவிகளோடு இருந்தார் சி.வி. ராமன். அவரும் நல்ல நூல்களைப் படித்தவர்தான். ஆனால் படித்ததோடு நிற்கவில்லை.

தாய்மொழியில் படித்தால் பின்தங்கிவிடுவோம் என்ற பயமும் வேண்டாம். வங்காள மொழியில் அறிவியலை வளர்க்க சத்யேந்திரநாத் போஸ் 1948-ல் ஒரு பரிஷத்தே தொடங்கினார். தமிழிலும் பெரல்மானின் 'பொழுதுபோக்கு பௌதிகம்' மொழிபெயர்ப்பு இருக்கிறது. தமிழ்நாட்டு பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு நூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முதல் வாசிப்புக்கு அவை தாராளமாகப் போதும்.

இந்த விடுமுறையில் உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு வாங்குவதானால், பாடமும் கணக்கும் சேர்ந்த ஒரே புத்தகம் வாங்குங்கள். வர்மாவின் முதல் பாகம் பழைய பிரதியாக இருந்தாலும் பரவாயில்லை. கூடவே ஒரு தடித்த நோட்டும் வாங்குங்கள். அந்த நோட்டு நிறைந்த பிறகு ஐரோடோவைப் பற்றிப் பேசலாம்.