பழுதுபட்ட யந்திரமும் குடியானவரின் பரிகாரமும்

சந்தையில் உழவு மாடு பிடிக்கப் போகும் குடியானவர் பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், குளம்பையும் நடையையும் கவனித்து, ஏரில் பூட்டி நாலு சால் ஓட்டிப் பார்த்த பின்னரே முன்பணம் கொடுப்பார். இவ்வளவு விழிப்புள்ள அதே குடியானவர், மாட்டைக் காட்டிலும் பன்மடங்கு விலையுள்ள டிராக்டரையோ, பவர் டில்லரையோ, தோப்பில் புல் வெட்டுவதற்கென ஏறி ஓட்டும் யந்திரத்தையோ வாங்கும்போது, வர்ணத்தையும் விளம்பரத் துண்டையும் விற்பவரின் வாய்ச்சொல்லையும் நம்பிக் கையெழுத்திட்டு விடுகிறார். இதன் பொருட்டு அவரைக் குறை கூறுதல் தகாது. மாட்டின் குற்றம் வெளியே தெரியும். யந்திரத்தின் குற்றமோ இரும்புக்குள் மறைந்திருந்து, வேலை மும்முரமாக நடக்கும் நாளிலேதான் வெளிப்படும். ஆகவே, பழுது கண்ட பிறகு செய்ய வேண்டுவன யாவை என்னும் அறிவு, வாங்குமுன் இருக்க வேண்டிய எச்சரிக்கையைவிட ஒருபடி மேலானது. அதுபற்றி எமது அபிப்பிராயத்தை இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

பழுதுபட்ட புது யந்திரத்தின் வரலாறு எல்லா ஊர்களிலும் ஏறக்குறைய ஒன்றே. முதல் வாரத்தில் பெல்ட் நழுவும், அல்லது கியர் பெட்டியில் எண்ணெய் கசியும். விற்பனைக் கடையின் மெக்கானிக் வந்து முடுக்கிவிட்டுப் போவார். இரண்டு நாளில் மறுபடி அதே குற்றம். "உறுப்பு கம்பெனியிலிருந்து வர வேண்டும்" என்று பதில் கிடைக்கும். இதற்குள் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. நாற்றங்காலில் நாற்று முற்றுகிறது. குடியானவர் வேறு வழியின்றி வாடகைக்கு யந்திரம் பிடித்து உழுது முடிக்கிறார். பாங்கிக் கடனின் தவணை ஒரு பக்கம், வாடகை மற்றொரு பக்கம். பருவம் கழிகிறது, கூடவே உத்தரவாதக் காலமும் கழிகிறது. கடைசியில் கடைக்காரர், "உத்தரவாதம் முடிந்துவிட்டதே" என்கிறார். கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தால், விலை ரசீதைத் தவிர ஒரு துண்டுக் காகிதமும் இல்லை.

இத்தகைய துன்பம் நமது நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஐக்கிய அமெரிக்க நாட்டின் நெப்ராஸ்கா மாகாணத்தில், போக் கௌண்டியைச் சேர்ந்த வில்மட் குரோசியர் என்னும் விவசாயி, 1916-ஆம் ஆண்டையொட்டி ஒரு டிராக்டர் வாங்கினார். அது மினியாபொலிஸ் நகரக் கம்பெனி ஒன்றின் சரக்கு. புகழ்பெற்ற ஹென்றி போர்டுக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை; ஆயினும், போர்டு என்னும் பெயருடைய வேறொருவரைத் தன்னுடன் சேர்த்துக்கொண்டு, அப்பெயரையே யந்திரத்துக்கும் சூட்டியிருந்தது. யந்திரம் உழைக்கவில்லை. மாற்றித் தந்த யந்திரமும் அவ்வாறே. பின்னர் வாங்கிய வேறொரு கம்பெனியின் பழைய டிராக்டரும் அவரைக் கைவிட்டது. மூன்றாவதாக வாங்கியது மட்டுமே சொன்ன வேலையையும் அதற்கு மேலும் செய்தது. நல்ல யந்திரமும் உலகில் உண்டு, கெட்ட யந்திரமும் உண்டு, ஆனால் இரண்டையும் வாங்குமுன் பிரித்தறியக் குடியானவனுக்கு வழி இல்லை என்பதை அவர் அனுபவத்தால் கண்டார். பின்னர் சட்டசபை அங்கத்தினராகி, செனட்டர் சார்லஸ் வார்னர் என்பவருடன் சேர்ந்து ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். அதுவே 1919-இல் நிறைவேறிய நெப்ராஸ்கா டிராக்டர் சோதனைச் சட்டம். 1920 முதல் லிங்கன் நகரில் உள்ள சர்வகலாசாலையின் பொறியியலார் டிராக்டர்களைச் சோதித்து முடிவுகளை வெளியிடலாயினர்.

அச்சட்டத்தின் முதல் விதியை யாவரும் புகழ்வர்: கம்பெனி கூறும் சக்தி யந்திரத்தில் உண்மையாகவே உள்ளதா என்று சோதிக்கப்படாத டிராக்டரை அம்மாகாணத்தில் விற்கலாகாது என்பதே அது. எமக்கு அதனினும் சிறந்ததாகத் தோன்றுவது மற்றொரு விதி. டிராக்டர் விற்கும் கம்பெனி அம்மாகாணத்துக்குள்ளேயே உதிரி உறுப்புகளைப் போதிய அளவில் சேமித்து வைத்திருக்க வேண்டும் என்று அது கட்டளையிட்டது. சோதனைச் சாலையில் தேறிய யந்திரமும் ஒரு நாள் பழுதுபடவே செய்யும். அன்று உறுப்பு கிடைக்காவிடில் நற்சான்றிதழால் யாது பயன்?

நமது நாட்டிலும் சோதனை நிலையங்கள் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் பூத்னியிலும், நமக்கு அண்மையில் ஆந்திரப் பிரதேசத்தின் கார்லதின்னேயிலும் உள்ள மத்திய சர்க்காரின் நிலையங்கள் விவசாய யந்திரங்களைச் சோதித்து அறிக்கை தருகின்றன. யந்திரம் வாங்குவோர் அந்த அறிக்கையைக் காட்டும்படி விற்பவரைக் கேட்பது நலம். ஆயினும், சோதிக்கப்படுவது அவ்வகையில் ஒரு யந்திரமே. நமது வீட்டு வாசலில் வந்து நிற்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளியை நிரப்ப வேண்டியது சட்டமும் எழுத்துமே.

சட்டம் நம்மிடம் இல்லாமல் இல்லை. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் இன்றும் அமலில் உள்ளது. வாங்குவோர் தமது தேவையை விற்பவருக்கு வெளிப்படுத்தி, அவருடைய திறமையை நம்பி வாங்கினால், சரக்கு அத்தேவைக்குத் தக்கதாக இருக்க வேண்டும் என்று அது கூறுகிறது. ஆனால் குறிப்பிட்ட ஒரு யந்திரத்தை அதன் வியாபாரப் பெயரைச் சொல்லியே கேட்டு வாங்கினால் இந்தப் பாதுகாப்பு குறைந்துபோகும். ஆகையால் "இன்ன கம்பெனி யந்திரம் கொடுங்கள்" என்று மட்டும் கேளாமல், "என் நிலம் களிமண் நஞ்சை, சேற்றுழவுக்கு வேண்டும்" என்று எழுதிக் கொடுத்து விலைச்சீட்டு வாங்குக. அதே சட்டத்தின்படி, பெற்ற சரக்கை வேண்டாமென்று தெரிவிக்காமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்துக்கொண்டவர் அதை ஏற்றுக்கொண்டவராகவே கருதப்படுவார். அதன்பின் நஷ்டஈடு கேட்கலாமேயன்றிச் சரக்கைத் திருப்புவது அரிது. மௌனமாகப் பொறுத்திருப்பது நமது குடியானவர்களுக்குக் குணமாகத் தோன்றலாம். சட்டத்தின் கண்ணில் அது சம்மதமாகிவிடுகிறது.

நிற்க, 1986-இல் வந்து, பின்னர் 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாற்றப்பட்ட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், எளியோருக்கு இன்னும் அணித்தான வழியைத் திறந்துள்ளது. கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடில், தாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே புகார் செய்யலாம்; கம்பெனி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டுவதில்லை. விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை; அதற்கு மேல் 10 லட்சம் வரை 200 ரூபாயே. வக்கீல் இன்றியும் புகார் தரலாம். பழுதை நீக்கவும், யந்திரத்தை மாற்றவும், விலையைத் திருப்பவும், நஷ்டஈடு தரவும் உத்தரவிட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. காரணம் தோன்றிய நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும் என்பதை மறத்தலாகாது.

"விவசாயி யந்திரத்தைக் கொண்டு வருமானம் தேடுகிறாரே, அவர் எப்படி நுகர்வோர் ஆவார்?" என்று எதிர்க்கட்சியார் வாதிப்பதுண்டு. தாமே உழைத்து ஜீவனம் செய்வதற்காக வாங்கும் சரக்கு வியாபார நோக்கமுடையதன்று எனச் சட்டமே விளக்குகிறது. கோயமுத்தூரைச் சேர்ந்த ஒரு தொழில் நிலையத்தின் யந்திரம் பற்றி எழுந்த வழக்கில், 1995-இல் சுப்ரீம் கோர்ட் இதை விரிவாக ஆராய்ந்து, தானே ஓட்டிப் பிழைப்பதற்கு ஆட்டோ ரிக்‌ஷா வாங்குபவர் நுகர்வோரே என்று எடுத்துக்காட்டியது. விதை வாங்கும் விவசாயிகளும் நுகர்வோரே என்று 2012-இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும், ஆட்களை அமர்த்திப் பல யந்திரங்களை வாடகைக்கு விடும் தொழில் நடத்துவோர் இதே சலுகையை எதிர்பார்க்கலாகாது.

இவ்வளவு இருந்தும், விலையை முழுவதும் திரும்பப் பெறுவது எளிதன்று. 2006-இல் ஒரு மோட்டார் கார் வழக்கில், கம்பெனி எழுதிக் கொடுத்த உத்தரவாதம் குறைபட்ட உறுப்பை மாற்றித் தருவதைப் பற்றியதேயன்றி வண்டியையே மாற்றித் தருவதைப் பற்றியதன்று என்று கூறி, புது வண்டி தரச் சொன்ன கீழ் உத்தரவைச் சுப்ரீம் கோர்ட் மாற்றிவிட்டது. இதிலிருந்து நாம் அறிய வேண்டுவது யாதெனில், ஒரு முறை பழுதுபட்டது என்று கூறினால் போதாது. அதே பழுது பல முறை பார்க்கப்பட்டும் தீரவில்லை என்பதை நிரூபிக்க வேண்டும். அந்த நிரூபணம் நினைவில் இராது, காகிதத்தில்தான் இருக்கும்.

ஆகையால் யந்திரம் வந்த நாள் முதல் நிலப் பத்திரத்தைப் பேணுவதுபோல் அதன் காகிதங்களைப் பேணுக. ரசீதில் என்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் சரியாக உள்ளனவா என ஒப்பிடுக. உத்தரவாதச் சீட்டில் விற்பவரின் முத்திரையும் தேதியும் பெறுக. மெக்கானிக் ஒவ்வொரு முறை வரும்போதும், கண்ட குற்றம், செய்த வேலை, ஓடிய மணி, தேதி ஆகியவற்றை எழுதிய வேலைச்சீட்டின் நகலை வாங்காமல் அவரை அனுப்பலாகாது. பழுது கண்டதும் கடைக்கும் கம்பெனிக்கும் கடிதம் எழுதி, விரைவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகையை வைத்துக்கொள்க. அவர்கள் பார்க்குமுன் உள்ளூர்ப் பட்டறையில் என்ஜினைப் பிரிக்க வேண்டாம். பிரித்துவிட்டால் குற்றம் யாருடையது என்னும் வழக்கு அங்கேயே கெட்டுவிடும்.

கிராம அதிகாரிகளுக்கும் இதில் கடமை உண்டு. யந்திரம் வயலில் நின்றுபோன நாளில், இரண்டு சாட்சிகள் முன்னிலையில் நிலைமையை எழுதி வைக்கும்படி குடியானவருக்குச் சொல்லலாம். அடங்கலில் சாகுபடி விவரத்தை உரிய காலத்தில் உள்ளபடி பதிவு செய்வது அதனினும் பேருதவி. யந்திரம் நின்றதால் நடவு தாமதமாயிற்று, அல்லது நிலம் தரிசாய்க் கிடந்தது என்பதற்கு அடங்கலைப்போல் பட்சபாதமற்ற சாட்சி வேறில்லை.

விற்பனையாளர் பக்கத்திலும் நியாயம் உண்டு. குறித்த மணி நேரத்தில் எண்ணெய் மாற்றாமலும், காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்யாமலும், பழகாத ஆள் கையில் கொடுத்தும், சக்திக்கு மீறிய கலப்பையைப் பூட்டியும் யந்திரத்தைக் கெடுத்துவிட்டுக் கம்பெனியைப் பழிப்போர் இல்லாமல் இல்லை. குறித்த காலத்துச் சர்வீசைத் தவறவிட்டவரின் உத்தரவாதம் வலுவிழப்பதில் வியப்பில்லை. தம் கடமையைச் செய்தவரே பிறர் கடமையைக் கேட்கத் தகுதியுடையவர்.

எனினும், உத்தரவாதச் சீட்டுகளில் வழக்கமாய் வரும் ஒரு வாசகம் விவசாயிக்கு அநீதியானது என்பது எமது திடமான கருத்து. இத்தனை மாதம் அல்லது இத்தனை மணி நேரம், இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை என்பதே அவ்வாசகம். உதாரணமாக, 12 மாதம் அல்லது 1,000 மணி நேரம் என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். வாடகைக்கு ஓட்டுவோர் அந்த 1,000 மணியையும் ஓட்டிப் பார்த்துவிடுவர். தம் சொந்த நிலத்தில் போகத்துக்கு 20 நாள், நாளொன்றுக்கு 6 மணி வீதம், இரண்டு போகம் ஓட்டும் குடியானவருக்கு ஆண்டு முழுவதும் 240 மணியே ஆகும். ஒரு போக நிலமாயின் 120 மணியே. ஒரே விலை கொடுத்த இருவரில் சிறியவருக்கே உத்தரவாதம் சுருங்குகிறது. யந்திரம் கொட்டகையில் சும்மா நின்ற மாதங்கள் உத்தரவாதத்தைத் தின்றுவிடுகின்றன. பழுதாகிப் பட்டறையில் நின்ற நாட்களும் குடியானவர் கணக்கிலேயே எழுதப்படுகின்றன.

ஆதலால், விவசாய யந்திரங்களின் உத்தரவாதம் மாதக் கணக்கில் மட்டும் முடியாமல், குறைந்தது இத்தனை சாகுபடிப் பருவங்கள் என்று வரையறுக்கப்பட வேண்டும். பட்டறையில் கிடந்த நாட்கள் கழிக்கப்பட வேண்டும். பருவ காலத்தில் ஒரு வாரத்துக்கு மேல் பழுது தீராவிடில், மாற்று யந்திரமோ அதற்குரிய வாடகையோ கம்பெனி தர வேண்டும். சர்க்கார் மானியம் பெறும் யந்திரங்களின் பட்டியலில் இடம்பெறும் கம்பெனிகளிடம், நெப்ராஸ்கா 1919-இல் கேட்டதை நாமும் கேட்பது முறை. அருகில் உறுப்புக் கிடங்கு உண்டு என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் போதாது. போகந்தோறும் அதிகாரிகள் சென்று பார்த்து, இல்லையேல் பெயரை நீக்க வேண்டும். மானியம் பெற்றவர், "சர்க்கார் கொடுத்ததில் குறை சொல்லலாமா?" என்று கூசவும் வேண்டாம். மீதி விலையைக் கொடுத்தவர் அவரே. நஷ்டம் அடைபவரும் அவரே.

காலமும் இக்கோரிக்கைகளுக்கு அனுகூலமாகவே உள்ளது. பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஆராய மத்திய சர்க்கார் 2022-இல் அமைத்த குழு, முதலில் எடுத்துக்கொண்ட துறைகளுள் விவசாயக் கருவிகளும் ஒன்று. அமெரிக்காவின் கொலராடோ மாகாணம் 2023-இல் இயற்றிய சட்டம், உறுப்புகளையும் பழுதுபார்க்கும் குறிப்பேடுகளையும் விவசாயிகளுக்குத் தரும்படி கம்பெனிகளைக் கட்டாயப்படுத்துகிறது. குரோசியரின் குறை ஒருவருடைய குறையாகவே நின்றிருந்தால் அவர் இரண்டு யந்திரங்களின் விலையை இழந்தவராக மட்டும் மறைந்திருப்பார். அதை அவர் சட்டசபை வரை எடுத்துச் சென்றதால் ஒரு மாகாணமே பயனடைந்தது. நமது மிராசுதார்களும் குடியானவர்களும் தத்தம் பழுதுகளை எழுத்தில் பதிந்து, மாவட்ட ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டங்களில் ஒருமித்து எடுத்துரைப்பார்களாயின், உத்தரவாதச் சீட்டின் வாசகமும் ஒரு நாள் மாறும் என்பதில் எமக்கு ஐயமில்லை.