பேரைச் சொன்னா வேணாம்!

2009-ல் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்காக அமெரிக்காவே இரண்டுபட்டுக் கிடந்தது. தெற்கு கரோலினாவில் ஒரு கூட்டம். ஒருத்தர் எழுந்தார். ‘‘என் மெடிகேர் மேல அரசாங்கம் கை வைக்கக் கூடாது!’’ என்றார். சாமி, மெடிகேரே 1965-லிருந்து அரசாங்கம் நடத்துகிற திட்டம்தான்! எம்.பி. பாப் இங்லிஸ் எடுத்துச் சொல்லியும் மனுஷர் மசியவில்லை.

விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம் சும்மா என் மெடிக்ளெய்ம் பாலிசியை எடுத்துப் பார்த்தேன். நாலு வருஷமாக பிரீமியம் கட்டுகிறேன். எதுக்கெல்லாம் பணம் வரும், வராது... ஹிஹி, தெரியாது.

2010 மார்ச்சில் சட்டம் வந்தது. ‘‘சர்க்கரை வியாதியா? பாலிசி கிடையாது, போ’’ என்று 2014-லிருந்து கம்பெனிகள் விரட்ட முடியாது. ‘பேஷ்!’ என்றார்கள் ஜனங்கள். ‘‘அப்ப எல்லாரும் பாலிசி எடுக்கணும், இல்லேன்னா அபராதம்’’ என்றதும், ‘‘அதெல்லாம் முடியாது!’’ பி.காம். படித்தவன் சொல்கிறேன்... ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு பாலிசி எடுக்கலாம் என்றால், கம்பெனிக்காரன் அன்றைக்கே ஷட்டரை இறக்கிவிடுவான். (அபராதத்தை 2019-லிருந்து பூஜ்யமாக்கிவிட்டார்கள், அது வேறு கதை.)

சட்டத்தின் நிஜப் பெயர் ‘அஃபோர்டபிள் கேர் ஆக்ட்’. ஒபாமாகேரும் அதுவும் ஒன்றுதான் என்பது மூன்றில் ஒருத்தருக்குத் தெரியவில்லை என்றது 2017-ல் ஒரு கருத்துக்கணிப்பு. அந்த ஜூலையில்தான் சட்டத்தைச் சாய்க்க செனட்டில் நள்ளிரவு தாண்டி ஓட்டெடுப்பு. மூளையில் புற்றுநோய் என்று தெரிந்த சில நாட்களில் அங்கே வந்தார் ஜான் மெக்கெய்ன். எதிர்க்கட்சிக்காரர். கட்டைவிரலைக் கீழே காட்டினார். 51-49. சட்டம் பிழைத்தது.

2008-ல் ஒபாமாவிடம் தோற்றாரே, அதே மெக்கெய்ன்!