சோப்பு போட்ட தலையும் மூடிய வால்வும்

அஸ்தினாபுரத்தில் 4 குடித்தனம் உள்ள ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மாடி டேங்கிலிருந்து இறங்கும் குழாய்க்கு ஒரே வால்வு. குளிக்கும் முன் திறக்கணும், முடித்ததும் மூடணும் என்பது வீட்டுக்காரம்மா போட்ட சட்டம். ஒரே குடித்தனம் இருந்த காலத்தில் அது நல்ல சட்டம்தான். இப்போதோ காலை 7.30 மணிக்கு நாலு வீட்டிலும் ஒரே நேரத்தில் குளிக்கிறார்கள். முதலில் முடித்தவர் சட்டப்படி வால்வை மூடிவிட்டுப் போகிறார். மற்ற மூவர் தலையிலும் சோப்பு!

இதில் யாரும் தப்பு செய்யவில்லை என்பதுதான் வேடிக்கை.

இங்கிருந்து சானடோரியம் மெப்ஸுக்கும், ரேடியல் ரோடு பிடித்து ஓ.எம்.ஆருக்கும் போகிறவர்களில் சாஃப்ட்வேர் டெஸ்டர்கள் உண்டு. அவர்களின் தூக்கத்தைக் கெடுக்கும் தொல்லைகளில் இந்த வால்வுக் கதையும் ஒன்று.

நீங்கள் போனில் டிக்கெட் எடுக்கும் தளத்தை, வெளியிடும் முன் ஒரு புரோகிராமே பிரவுசரில் திறந்து, பட்டன்களை அழுத்திச் சரிபார்க்கும். 2004-ல் அமெரிக்காவில் ஜேசன் ஹக்கின்ஸ் தொடங்கிய 'செலீனியம்' இதில் புகழ்பெற்ற கருவி. பெயரே ஒரு கிண்டல். அப்போது இந்தத் துறையில் பெரிய கை மெர்க்குரி என்ற கம்பெனி. பாதரச விஷத்துக்குச் செலீனியம் முறிவு என்ற கணக்கு!

ஒவ்வொரு டெஸ்டுக்கும் முன்னால் ஒரு போலி வாடிக்கையாளரை உருவாக்கி லாகின் செய்ய வேண்டும். அது 'செட்டப்'. முடிந்ததும் அழிக்க வேண்டும். அது 'டியர் டவுன்'. 600 டெஸ்ட், ஒவ்வொன்றும் 30 விநாடி என்றால் வரிசையாக ஓட்ட 5 மணி நேரம் ஆகும். பத்துப் பத்தாகச் சேர்ந்து ஓடினால் அரை மணி நேரம். அதனால்தான் எல்லோரும் சேர்த்து ஓட்டுகிறார்கள்.

வில்லங்கம் 'பிஃபோர் ஆல்', 'ஆஃப்டர் ஆல்' என்ற பெயர்களில் இருக்கிறது. மொத்தத்துக்கும் ஒரே முறை நடக்கும் என்றுதானே தோன்றும்? மைக்ரோசாஃப்ட் 2020-ல் வெளியிட்ட 'பிளேரைட்'டில், ஒரே ஃபைலின் டெஸ்ட்களைப் பல வொர்க்கர்களுக்குப் பிரித்துக் கொடுத்தால், ஒவ்வொரு வொர்க்கரும் தன் பங்குக்கு அதை ஓட்டும். ஒரு டெஸ்ட் ஃபெயிலானால் அந்த வொர்க்கரை மூடிவிட்டுப் புதிதாக ஒன்று கிளம்பும். அதுவும் மறுபடி ஓட்டும்.

'ஆஃப்டர் ஆல்' உள்ளே 'போலி வாடிக்கையாளர் எல்லோரையும் அழி' என்று எழுதியிருந்தால்? முதலில் முடித்த வொர்க்கர் கடமை தவறாமல் அழித்துவிடும். பணம் கட்டும் பக்கத்தில் பாதியில் நிற்கும் மற்றவற்றுக்கு வாடிக்கையாளரே காணோம். ரிப்போர்ட்டில் சிவப்பு. தனியாக ஓட்டினால் பச்சை. நாளைக்கு வேறு நாலு டெஸ்ட் சிவப்பு.

இரவு விழிப்புகூடப் பரவாயில்லை. "அது எப்பவும் அப்படித்தான், இன்னொரு தடவை ஓட்டு" என்று டீமே பழகிவிடுவதுதான் ஆபத்து. நிஜமான கோளாறு சிவப்பாக வரும் நாளிலும் அதே பதில்தான் வரும். பணம் போய் டிக்கெட் வராமல் நிற்பவர் நீங்களாக இருக்கலாம்.

சிலர் வொர்க்கர்களை ஒன்றாகக் குறைத்துவிட்டு 'சரியாகிவிட்டது' என்பார்கள். அது நோயை மறைக்கும் வேலை. அந்த 5 மணி நேரமும் திரும்பி வந்துவிடும். பொதுவான வேலையை எந்த வொர்க்கரும் கிளம்பும் முன் ஒரே முறை ஓடும் 'குளோபல் செட்டப்'பிலும், கடைசி வொர்க்கரும் முடித்தபின் ஓடும் 'குளோபல் டியர் டவுன்'னிலும் வைக்க வேண்டும். மற்றதெல்லாம் அவரவர் வாளி: வொர்க்கர் எண்ணைப் பெயரில் சேர்த்துத் தனி வாடிக்கையாளர், தான் உருவாக்கியதை மட்டும் அழிப்பது. முந்தைய ஓட்டம் பாதியில் செத்திருந்தால் டியர் டவுனே நடந்திருக்காது. எனவே தன் பழைய மிச்சத்தை செட்டப்பிலேயே துடைத்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

சந்தேகமா? அதே டெஸ்ட்களை ஒரு வொர்க்கரில் ஓட்டுங்கள், பிறகு நாலில் ஓட்டுங்கள். நாலில் மட்டும் சிவப்பு வந்தால், டெஸ்டைத் திருத்தும் முன் யார் எதை அழிக்கிறார்கள் என்று தேடுங்கள்.