குறிக்கோளை எழுதுவது யார்?

அழிவின் பின் ஒரு கம்பனி எவ்வாறு முடிவெடுக்க வேண்டும் என்பதற்கு இன்றைய முகாமைத்துவ நூல்கள் ஒழுங்கானதொரு நெறியை வகுத்துள்ளன. பிரச்சினையை வரையறுத்தல், குறிக்கோள்களை எழுதுதல், மாற்று வழிகளை நிரைப்படுத்தல், அவற்றின் விளைவுகளை மதிப்பிடுதல், ஒன்றைப் பெற எதனை இழக்கலாமெனத் துணிதல் என்பன அதன் படிகள். இது வெறும் ஏட்டுச்சுரைக்காய் எனத் தள்ளுவோர் உளர். அவர் கூற்று முற்றிலும் தவறு.

2011 மார்ச் 11 இல் நிகழ்ந்த நிலநடுக்கத்தினால் யப்பானிலுள்ள றெனெசாஸ் கம்பனியின் நாக்கா தொழிற்சாலை செயலிழந்தது. மோட்டார் வாகனங்களுக்கான நுண்சில்லுகளுக்கு உலகின் பல கம்பனிகள் அதனையே நம்பியிருந்தன. வேறு தொழிற்சாலைக்கு மாற்றத்தக்கவை எவை, அங்கு மட்டுமே செய்யத்தக்கவை எவை எனப் பிரித்தறிந்து பணி நடைபெற்றது. வாடிக்கையாளரான கம்பனிகளும் தம் ஆட்களை அனுப்பின. ஒரு நாளில் 2,500 பேர்வரை அங்கு உழைத்ததுண்டு. யூன் 1 ஆம் திகதி உற்பத்தி மீண்டும் தொடங்கியது.

இவ்வெற்றியை எடுத்துக்காட்டி, நாட்டையும் கம்பனிபோல் மீளக் கட்டலாம் என வாதிடுவோர் ஓர் உண்மையை மறைக்கின்றனர். நாக்காவில் குறிக்கோள் ஒன்றே: சில்லு வெளிவர வேண்டும். விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் அதிற் பிணக்கில்லை. கடற்கரையோ அத்தகையதன்று.

2004 டிசம்பர் 26 கடற்கோளின் பின் இலங்கையின் மீள்கட்டுமானத்துக்கென அமைக்கப்பட்ட செயலணியில் வர்த்தகத்துறைத் தலைவர்களே மேலோங்கியிருந்தனர். கடற்றொழிலாளருக்கு அங்கு ஆசனம் இருக்கவில்லை. தெற்கிலும் மேற்கிலும் கரையிலிருந்து 100 மீற்றருக்குள்ளும், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றருக்குள்ளும் வீடு கட்டலாகாது என அரசு விதித்தது. அலைக்கும் மாகாண எல்லை தெரியும் போலும்! அலை எவ்வளவு தூரம் ஏறும் என்பதை நிலத்தின் உயரமும் கடலடியின் அமைப்புமே தீர்மானிக்கின்றன, அளவுநாடா அன்று. உல்லாச விடுதிகளுக்கோ இவ்விதியிலிருந்து விலக்குக் கிடைத்தது. மக்களின் உயிரைக் காப்பதே ஒரே நோக்கமெனின், விடுதியில் உறங்குபவனின் உயிர் எக்கணக்கில் விடுபட்டது?

மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கடலுக்கும் வயலுக்குமிடையே வீடுகள் நெருங்கி நிற்கின்றன. அங்கே 200 மீற்றரை நீக்கினால் எஞ்சும் நிலம் எவ்வளவு? வயலை நிரப்பி வீடு கட்டினால் மாரி வெள்ளம் எங்கே செல்லும்? இவ்வினாக்கள் மாற்று வழிகளை ஆராயும் படியில் எழுந்திருக்க வேண்டியவை. ஆனால் மாற்று வழி என ஒன்று முன்வைக்கப்பட்டாலன்றோ ஆராய்வதற்கு!

மாற்று வழிகளைத் தேடுமுன் விழுமியங்களை வெளிப்படையாக எழுதிக்கொள்ள வேண்டும் என்பதே 1992 இல் வெளிவந்த தம் நூலில் ரால்ஃப் கீனி வலியுறுத்திய கருத்து. செயலணியினர் இந்நெறியின் பெயரை எடுத்துக்கொண்டு முதற்படியைக் கைவிட்டனர் என்றுகூடச் சொல்ல இயலாது. நெறியையே அவர்கள் கையாளவில்லை. கம்பனியின் நாற்காலிகளே வந்தன. கம்பனியின் ஒழுங்கு வரவில்லை.

அவசர வேளையில் எல்லோரையும் கேட்டுக்கொண்டிருக்க நேரமேது என்பர் சிலர். கேளாமல் விதித்த வலயம் 2005 இன் பிற்பகுதியிற் தளர்த்தப்பட்டது. அதுவரை மாதக்கணக்காக மக்கள் கூடாரங்களிலும் தற்காலிகக் கொட்டில்களிலும் காத்திருந்தனர். மிச்சப்படுத்திய நேரம் இதுதான். கரைவலை இழுப்பவனிடம் கேட்டிருந்தால், வீட்டுக்கும் வள்ளத்துக்குமிடையே எத்தனை அடி இருக்கலாம் என்பதை அவன் ஒரு மாலைப்பொழுதிற் சொல்லியிருப்பான்.